வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
14 செப்ரெம்பர் 2024

அன்பு மகள் அனோஜாவுக்கு,

ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் நல்ல சுகம். மலையடி மடத்தில் நீயும் மற்றச் சிஸ்டர்மாரும் தடிமன், இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று செபிக்கிறோம். உன்னைச் சிஸ்டர் என்று எழுதுவதா, மகள் என்று எழுதுவதா என்று ஒவ்வொரு முறையும் பேனையைப் பிடித்தபடி யோசிப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இது பெரிய கணக்கு. மகள் என்றே எழுதுகிறேன். மதர் கோபிக்கமாட்டார்தானே.

ஒரு புதினம். எங்கள் டொக்டர் எழுதிக் கொடுத்ததில் இப்போது வீட்டுக்கு ஒரு பரமெடிக் வருகிறார். அம்புலன்ஸ்காரர்தான், ஆனால் அம்புலன்ஸ் இல்லை, சின்னக் கார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக வருபவர் அல்ல. ஏற்றிப் போகும் நிலை வராமல் பார்க்க வருபவர். பெயர் ஷோனா. அம்மாவின் பிறஷரையும் சீனியையும் பார்த்துவிட்டு, கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்: விழுந்தீர்களா? எமேர்ஜென்சிக்குப் போனீர்களா? மருந்து மறந்ததா? அடுப்பு அணைக்க மறந்ததா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்கு இங்கிலிஸ் ஓடாது. ஆகவே எல்லாவற்றுக்கும் நானே பதில்.

முதல் நாள் ஷோனா போன கையோடு மேல்மாடி பேர்ணடெற் இறங்கி வந்தாள். "அண்ணை, உவை சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேப்பினம். சொல்லுறதெல்லாத்தையும் மேல அறிவிக்க வேணும் எண்டு அவைக்குச் சட்டம். என்ர மாமி விழுந்தவ எண்டு நான் வாய் தவறிச் சொன்னன். இப்ப அவ எந்த நேர்சிங் ஹோமில இருக்கிறா தெரியுமே? பஸ் மாறி மாறிப் போகவேணும். அங்க தமிழ் கதைக்க ஒரு பூனையும் இல்லை."

"அப்ப நான் என்ன சொல்லுறது?"

"இல்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாத்துக்கும் இல்லை."

எனக்கு ஒழுங்காக வந்த ஒரே பாடம் அதுதான். ஷோனா என்ன கேட்டாலும் 'நோ'. என்னுடைய இங்கிலிஸ் இவ்வளவு திறம் என்று எனக்கே தெரியாது.

அம்மா அடியில் இரண்டு வரி எழுதுவதாக இருந்தாள். சாய்ந்து கிடக்கிறாள், எழுப்பவில்லை.

உன் செபத்தில் எங்களை வைத்திரு.
அப்பா பஸ்ரியன்


மடம்
3 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்குத் தோட்டத்து வேலை தந்திருக்கிறார்கள். கையெல்லாம் வெடிப்பு, மற்றபடி குறையில்லை. உங்கள் இங்கிலிசை வாசித்து நான் சிரித்ததில் மதர் திரும்பிப் பார்த்தார்.

இது மூன்றாவது கடிதம், அப்பா. மூன்றிலும் அம்மா சாய்ந்துதான் கிடக்கிறா. அம்மா பகலில் படுக்கிற ஆள் இல்லை.

ஷோனாவின் கேள்விகளை எழுதியிருந்தீர்கள், நீங்கள் சொன்ன பதிலையும் எழுதியிருந்தீர்கள். நடந்தது என்ன என்று எழுதவில்லை. இங்கே ரெலிபோன் மரண அறிவித்தலுக்கு மட்டும்தான் என்று உங்களுக்குத் தெரியும். கடிதத்தை விட்டால் எனக்கு வேறு கண் இல்லை.

அம்மாவிடம் பேனையைக் கொடுங்கள். கோடு கீறினாலும் போதும்.

இருவருக்கும் என் முத்தங்கள்.
அனோஜா


மோர்னிங்சைட்
24 ஒக்ரோபர் 2024

அன்பு மகளுக்கு,

சுகம். நீயும் சுகமாயிரு. கை வெடிப்புக்கு வாசலீன் பூசு. மடத்தில் அது பாவம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேளாமல் கேட்டிருக்கிறாய். மன்னார்ப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் என் சைக்கிள் பாரில் இருந்து நீ பார்த்திருப்பாய். அண்ணன் தம்பி இருக்கா? இல்லை. ஆரையும் தெரியுமா? இல்லை. ராத்திரிச் சத்தம் ஏதும் கேட்டதா? இல்லை. உவன் ஒரு மாட்டுப் பேயன் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பேயன்தான் உன்னையும் அம்மாவையும் கனடா வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தவன். யூனிபோர்மைக் கண்டதும் அவன் எழும்பி நிற்கிறான், நான் என்ன செய்ய?

ஆனால் பேயனுக்கு இப்போது ஒரு தொல்லை. போன கிழமை ஷோனா சந்தோசமாகச் சொன்னார்: உங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கா நாங்கள் மேலே கணக்குக் கொடுக்க வேண்டும். அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்களை வைத்திருக்க முடியாது, வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள். ஆகவே புதுவருசத்தோடு உங்கள் பைலை மூடுகிறோம்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவரை லிப்ற் வரைக்கும் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போதுதான் மற்றது விளங்கியது. அவர் வரும் நாளில்தான் நான் ஆறுதலாகக் குளிக்கிறது.

அடுப்புத் திருகிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கழுவத்தான் கழற்றினேன். நடக்கும்போது கிலுகிலு என்று கேட்கிறது. அம்மா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.
அப்பா


மடம்
8 நவெம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைத்தான் எனக்கு நம்பத் தெரியவில்லை.

கழுவக் கழற்றிய திருகி ஏன் இன்னும் பையில் இருக்கிறது? ஷோனா இல்லாத நாட்களில் ஏன் நீங்கள் ஆறுதலாகக் குளிக்க முடியாது? அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதா? கேட்பது நான், அப்பா, யூனிபோர்ம் போட்ட ஆள் இல்லை. சிஸ்டர்மாரின் உடுப்பும் யூனிபோர்ம்தான் என்று பகிடி விட வேண்டாம்.

டிசெம்பர் தொடங்கினால் திருவருகைக் காலம். பாலன் பிறந்த நத்தார் முடியும்வரை நாங்கள் கடிதம் திறப்பதுமில்லை, எழுதுவதுமில்லை. அதற்கு முதல் எனக்குப் பதில் வேண்டும்.

அனோஜா


மோர்னிங்சைட்
23 நவெம்பர் 2024

அன்பு மகளுக்கு,

கர்த்தரின் காவலில் இருவரும் இருக்கிறோம். உனக்கும் அந்தக் காவல் இருக்கட்டும்.

உன் கேள்விகளை வாசித்தேன். நல்ல எழுத்து உனக்கு, சின்ன வயதிலேயே அப்படித்தான்.

இங்கே ஒரு சின்ன விசயம் நடந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டேன். பேக்கரியில் அவ்வளவு காலம் மாவு கொட்டிய தரையில் நடந்தவன் சவர்க்காரத்துக்குத் தோற்றுப்போனேன். கிளடிஸ், கிளடிஸ் என்று கூப்பிட்டேன். அம்மா வந்தாள். கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். கூச்சக்காரி, உனக்குத் தெரியும்தானே. நான் வாளியைப் பிடித்து, கைகழுவும் பேசினைப் பிடித்து, ஒரு வழியாக எழும்பிவிட்டேன். வெளியே வந்தபோது அவள் யன்னலால் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விழுந்திட்டனப்பா" என்றேன். "அப்பிடியே? கவனம்" என்றாள். நல்ல மரியாதையாகச் சொன்னாள்.

நெற்றிக் காயத்தைப் பற்றி ஷோனா கேட்டார். கதவு இடித்தது என்றேன். கிட்ட வந்து காயத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: பைலை மூடுவதற்கு முன் அம்மாவின் சொந்த வாயால் பதில் எடுக்க வேண்டுமாம். அறிக்கைக்கு அது கட்டாயமாம். போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார், நான் அறைக்குள் இருக்கக் கூடாது.

இந்த வீட்டில் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் எப்போதும் நான்தான், மகள். அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது.

வேறு விசேசம் இல்லை.
அப்பா


மோர்னிங்சைட்
11 டிசெம்பர் 2024

மகள்,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். இதை நத்தாருக்குப் பிறகுதான் திறப்பாய். இப்போது திறக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்று ஷோனா வந்தார். என்னைக் கொரிடோரில் நிற்கச் சொன்னார். கதவை முழுக்கச் சாத்தவில்லை. போன் மேசையில் இருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு பெட்டையின் குரல், எங்கட தமிழ். லிப்றுக்குக் காத்திருக்கிற ஆள்போல நான் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, வீட்டில வேற ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை பிள்ளை. நான் தனிய."

"உங்கட அவர்?"

"அவர் பேக்கரிக்குப் போயிட்டார். பின்னேரம் வருவார்."

"அப்ப ஆரம்மா சமைக்கிறது?"

"ஒராள் வாறார். வயசானவர். பாவம், நல்ல மனிசன். கறி நல்லா வைப்பார், உப்புத்தான் கூட. ராவில வீட்ட போகாமல் முன்னறைச் செற்றியில கிடப்பார். அண்டைக்குக் குளிக்கிற அறையில விழுந்து கிடந்தவர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். அந்நிய ஆம்பிளை, நான் எப்பிடித் தொடுறது? கதவைச் சாத்திப்போட்டு வந்திட்டன். பிறகு எனக்கு மனம் கேக்கேல்லை. நீங்கள் அவரை ஒருக்காப் பாருங்கோ பிள்ளை. அவர் அடிக்கடி விழுறவர். ஆருக்கும் சொல்லுறதில்லை."

போனில் அந்தப் பெட்டை அதை இங்கிலிசில் சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்தி, திரும்பவும் தொடங்கியது.

ஷோனா வெளியே வந்தார். முகம் மாறியிருந்தது. "மிஸ்ரர் பஸ்ரியன், இதை நான் அறிவித்தே ஆகவேண்டும். தன் வீட்டில் இருக்கும் ஆணைத் தெரியாது என்று ஒரு வயோதிபப் பெண் சொன்னால், அதை எழுதாமல் விட எனக்கு அனுமதி இல்லை" என்றார். நான் புருசன் என்றேன். ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். கலியாணப் பதிவு இடம்பெயர்ந்த காலத்தில் போனது போனதுதான். கலியாணப் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தில் நிற்கிறவனுக்குத் தலை நிறைய மயிர் இருக்கிறது, மகள். அவன் சாட்சிக்கு வரமாட்டான்.

ஜனவரியில் ஆட்கள் வந்து பார்ப்பார்களாம். அதுவரை ஷோனா ஒவ்வொரு கிழமையும் வருவாராம். அவளைக் கொண்டுபோவார்களோ, என்னைப் போகச் சொல்வார்களோ, தெரியாது. நீ கேட்டாயே, மறதியா என்று. பெப்ரவரியில் இருந்து. முதலில் சாமான்களை மறந்தாள். உன் பெயரை ஓகஸ்ட்டில். என்னை எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கும் அவள் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது.
அப்பா


மடம்
27 டிசெம்பர் 2024

அப்பா,

நேற்று உங்கள் கடிதங்களைத் தந்தார்கள். பிந்தியதை முதலில் திறந்துவிட்டேன்.

என் பெயர் போனது எனக்குப் பெரிதில்லை என்று எழுதத் தொடங்கி அந்தத் தாளைக் கிழித்தேன். பெரிதுதான்.

ஆனால் அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். நீங்கள் விழுகிறீர்கள் என்று அந்த வீட்டிலிருந்து சொன்ன ஒரே ஆள் அவதான். நீங்கள் யார் என்று தெரியாமல் சொன்னா. ஷோனா வந்தால் இனி 'நோ' சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் வந்து பார்க்க மதரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மடத்துக்கு வெளியே போவதென்றால் அவர் மட்டும் தீர்மானிக்க முடியாது, மேலே எழுத வேண்டும். இழுபடும்.

குளிக்கும்போது கதவைப் பூட்டாதீர்கள்.
அனோஜா


மோர்னிங்சைட்
26 ஜனவரி 2025

அன்பு மகளுக்கு,

இருவரும் உயிரோடு, ஒரே வீட்டில் இருக்கிறோம். சுகம் என்ற சொல்லை இனி அளந்துதான் எழுதுவேன்.

அவர்கள் வந்தார்கள். ஷோனா, அவருடைய மேலதிகாரி, மொழிபெயர்க்க நிலாணி என்று ஒரு தமிழ்ப் பிள்ளை. எனக்குச் சாட்சி பேர்ணடெற். கூப்பிடாமலே வந்தாள். "நான் சொல்லுறன், உவர்தான் புருசன். எத்தினை வருசமா உவையின்ர சண்டை எனக்கு மேல கேக்குது. புருசன் இல்லாட்டி ஆர் அப்பிடிப் பேச்சு வாங்குவான்?" நிலாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை இங்கிலிசில் சொன்னாள். மேலதிகாரி எழுதிக்கொண்டார். கலியாணப் பதிவைவிட அது பெலமான அத்தாட்சி போல.

பிறகு ஷோனா கேள்விகளைத் தொடங்கினார். விழுந்தீர்களா? என் வாய் பழக்கத்தில் 'நோ' என்றது. உடனே ஓம் என்றேன். சாரத்தை உயர்த்தி முழங்காலைக் காட்டினேன். அடுப்பு? சட்டைப் பையிலிருந்து திருகிகளை எடுத்து மேசையில் வைத்தேன். கதவு? அவள் இரண்டு தரம் செருப்பில்லாமல் பனிக்குள் இறங்கியதையும், பஸ் சாரதி ஒருவர் தன் ஜக்கெற்றைப் போர்த்திக் கொண்டுவந்து விட்டதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் கிளடிசை நானே பிடித்துக் கொடுப்பது மாதிரி இருந்தது.

"ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேக்கிறா, அங்கிள்" என்றாள் நிலாணி.

"நீங்கள் எழுதி மேல அனுப்பி இவவைக் கொண்டுபோயிடுவியள் எண்டு."

ஷோனா நெடுக விளங்கப்படுத்தினார். மூன்று மாதக் கணக்கில் பெயரே போகாதாம். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதானாம். பெயரோடு போவது ஆபத்து என்றால் மட்டும், அதுவும் உதவி கேட்டு. பேர்ணடெற் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கும் முழுதாக நம்பிக்கை வரவில்லை.

பைலை மூடவில்லை. என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். கதவுக்கு மணி பூட்டியாயிற்று, பகலில் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்க்க ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. நேர்சிங் ஹோம் வரிசையிலும் பதியச் சொன்னார்கள். இருவரையும் ஒரே இடத்தில் விடுவீர்களா என்று கேட்டேன். ஷோனா என் கண்ணைப் பார்த்து, "அதற்கு நான் வாக்குத் தர முடியாது" என்றார். அவர் பொய் சொல்லாதது எனக்கு அன்றைக்குத்தான் பிடிக்கவில்லை.

இன்னொன்று. அறிக்கை போன வீடு என்றபடியால், இனி ஒவ்வொரு முறையும் யார் அறைக்குள் இருக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டுமாம். "ஆம்பிளையள் வேண்டாம்" என்றாள் அம்மா. ஆகவே ஷோனா வரும்போதெல்லாம் நான் கொரிடோரில். போகிற வருகிற சனம், என்ன அண்ணை, மனிசி கலைச்சுப்போட்டாவோ என்று கேட்கிறது. ஓம் என்கிறேன்.

உனக்கு அனுமதி கிடைக்க மன்றாடுகிறோம். நான் மன்றாடுகிறேன்.
அப்பா


மடம்
14 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தவக்காலத்தில் எழுதக் கூடாது. இதை எழுதவும் உங்கள் பதிலைத் திறக்கவும் மதர் விசேச அனுமதி தந்து, தன் பேனையையும் தந்தார். உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் இல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள். அனுமதி வராமல் எழுதினால் அழுகைதான் வந்திருக்கும்.

இப்போது வந்துவிட்டது. உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வருகிறேன். அதிக நாள் தரவில்லை.

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. முக்காட்டோடு வந்தால் அம்மாவுக்கு நான் யாரோ ஒரு சிஸ்டர். முக்காடு இல்லாமல் வந்தால் யாரோ ஒரு நரைத்த பொம்பிளை. ஆர் நீங்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஷோனா இருக்கும்போது வந்து, அம்மா என்னையும் வேண்டாம் என்றால், நான் எங்கே நிற்க?

நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.
அனோஜா


மோர்னிங்சைட்
2 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

உன் பயணத்துக்குச் காவல் சம்மனசுகள் துணை வரட்டும். அம்மாவின் பிறஷர் நேற்று நல்லது. என்னுடையதையும் பார்த்தார்கள். அதைச் சொல்லாமல் விடுகிறேன் என்று நினைக்காதே. கூடியிருக்கிறது.

எப்படி நிற்கிறேன் என்று கேட்டாய். இடது காலில் பாரம் கூடினால் வலது காலுக்கு மாற்றுவேன். வேறு கலை ஒன்றும் எனக்குத் தெரியாது.

நேற்று ஷோனா வந்தார். நான் வழக்கம்போல ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனேன். போனில் அந்தப் பெட்டை கேட்டது: "அம்மா, இந்த ஐயா உள்ளுக்க இருக்கலாமோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். செருப்பில் தொடங்கி மெல்ல மேலே வந்தாள். பொம்பிளை பார்க்கப் போன அன்றுகூட என்னை இப்படி ஒருவரும் பார்க்கவில்லை. கையிலிருந்த ஜக்கெற் பாரமாக இருந்தது. சாவடியில் அடையாள அட்டையை நீட்டுவதுபோல அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். "வெளியில குளிர். கிழவன் எங்க போறது."

ஷோனா அதை அப்படியே தட்டெழுதினார். நான் செற்றியின் ஓரத்தில் இருந்தேன். முதுகைச் சாய்க்கப் பயமாக இருந்தது, மனம் மாறிவிடுவாளோ என்று.

நீ முக்காட்டோடு வா, இல்லாமல் வா, உன் விருப்பம். கதவைத் தட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்று. ஆர் நீங்கள் என்று அவள் கேட்டால் மகள் என்று உடனே சொல்லிவிடாதே. பெற்ற பிள்ளையையே மறந்துவிட்டோமே என்று அவள் பயந்துவிடுவாள். குளிருக்குள்ளால் வாறன் என்று சொல். இங்கே ஏப்ரல் கடைசியிலும் குளிர் இருக்கும். உன்னை வெளியே விடமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு எனக்கும் அனுமதி கிடைத்தால், நானும் உள்ளே இருப்பேன்.

அப்பா